வாணாம் சாரும் அறுப்பின் பண்டிகையும்

சித்தூரிலிருந்து பலமனேர் வரைக்கும், ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்த்த விஞ்ஞானி அவர் ஒருவர்தான். அந்த வார்த்தை, 'வாணாம்.'

திருப்பதியில், வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில் வேலை. சிறு விவசாயிகளையும், புதிதாக வயலில் கால் வைப்பவர்களையும் தேடிப் போய் ஆலோசனை சொல்ல வேண்டும். போவார். விரலை மண்ணுக்குள் விடுவார். சொல்வார்.

"சார், மருந்து அடிக்கலாமா?"

"வாணாம்."

"யூரியா?"

"வாணாம்."

"தண்ணியாவது வுடலாமா சார்?"

விரலை எடுத்துப் பார்ப்பார். "இன்னிக்கி வாணாம்."

தமிழர்களுக்கு அவர் வாணாம் சார், தெலுங்கர்களுக்கு வத்து சார். உரக்கடைக்காரர்கள் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி நீட்டியபோது பழக்க தோஷத்தில் அதையே சொல்லப்போக, பெண்ணின் அப்பா வாசலைக் காட்டினாராம். பஜ்ஜியைத்தான் சொன்னேன் என்று விளக்குவதற்குள் ஸ்கூட்டரை யாரோ வெளியே திருப்பி நிறுத்திவிட்டார்களாம்.

இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கர்த்தரே அனுப்பியதாக நினைத்தேன். காரணம், என் மகள் ஷீபா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஏ.சி. அறை, மாதம் பிறந்தால் சம்பளம். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பலமனேர் பக்கத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போடப்போகிறேன் என்று வந்து நின்றாள். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். அந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

திருப்பதியில் புது விவசாயிகளுக்கான பயிற்சி என்றார்கள். அவளோடு நானும் போய், எல்.கே.ஜி.யில் சேர்க்க வந்தவள் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இடைவேளையில் அவரைப் பிடித்தேன்.

"சார், நல்ல வேலய வுட்டுட்டு விவசாயம் பண்ணப் போறாளாம். நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் ஷீபாவைப் பார்த்தார். "எத்தினி ஏக்கரா?"

"மூணு சார்."

"வாணாம்."

எனக்கு அல்லேலூயா என்று கத்தத் தோன்றியது. அதற்குள் அவர் தொடர்ந்தார். "அர ஏக்கரா போடு. மிச்சத்த சும்மா வுடு. மொதல்ல தப்பு பண்ணக் கத்துக்கணும் இல்ல? சின்ன எடத்துல பண்ணு."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் 'பண்ணு' என்று சொன்னது என் மகளிடம்தான்.

அரை ஏக்கரில் போட்ட செடி நன்றாகத்தான் வந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஆனால் டவுன் சபை. வயலில் அறுப்பவர் யாரும் இல்லை, எல்லோரும் மார்க்கெட்டில் அறுப்பவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிய பூசணிக்காய், ஞாயிறு காலையில் முதற்பலனாகிவிடும். இந்தத் தடவை எங்கள் ஷீபா நிஜமாகவே விளைந்ததைக் கொண்டுவருவாள் என்று பெண்கள் ஐக்கியத்தில் அறிவித்துவிட்டேன்.

அறிவித்த வாரமே இலைகளில் புள்ளி விழுந்தது. உரக்கடைக்கு ஓடி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நாலு வகை மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால், அங்கே வாணாம் சார் அடி இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், பையில?"

"மருந்து சார்."

"வாணாம்."

"சார், பண்டிக வருது!"

"அது செடிக்குத் தெரியாதே டீச்சர். பழுக்கிற நேரத்துல இத அடிச்சிட்டு, ஒங்க சபைல துன்னச் சொல்வீங்களா?"

நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "அழுவறவங்க அந்தாண்ட வரப்புக்குப் போங்க. இந்த வரிசைய இன்னும் கிள்ளல" என்றார்.

செடி பிழைத்தது. ஆனால் பண்டிகைக்கு முன்னால் நல்ல மழை. பழுத்திருந்தவை எல்லாம் வெடித்துவிட்டன. புள்ளியும் வெடிப்புமாக ஒரு கூடைதான் தேறியது. "மார்க்கெட்ல நல்லதா வாங்கிக்கலாம்டி" என்றேன்.

"என் நெலத்துல வெளஞ்சது இதாம்மா" என்றாள். கூடையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, "இத ஒருத்தரும் எடுக்கலன்னா, நான் பெங்களூருக்கே போயிடறேன்."

இத்தனை மாதமாக நான் செய்த ஜெபம் அது. கேட்கப்பட்டுவிடுமோ என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

ஏலத்தில் பூசணிகள் பறந்தன. ஷீபாவின் கூடையை, ஏலம் விட்ட சபை மூப்பர் தூக்கிக் காட்டினார். ஆலயமே தரையைப் பார்த்தது. ஷீபா கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நூறு!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வாணாம் சார்! சர்ச்சுக்குள் அவர் வந்ததே அதுதான் முதல் தடவை.

"நூறு ஒரு தரம்" என்றார் மூப்பர்.

"நூத்தியம்பது!" அதே குரல்.

"நூத்தியம்பது ஒரு தரம்..."

"எரநூறு!"

மூப்பர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், வேற யாரும் கேக்கலியே. ஒங்க மேலயே நீங்க ஏத்திக்கினு போறீங்க."

"அப்டியா? ஒவ்வொரு தரத்துக்கும் ஏத்திக்கினே போவணும்னு நெனச்சேன்."

ஆலயம் குலுங்கிச் சிரித்தது. சிரித்த வேகத்தில், மார்க்கெட் பூசணிக்காய் கொண்டுவந்த மேரி அக்காவும் கையைத் தூக்கினார்: "எரநூத்தியம்பது!"

"அக்கா, வாணாம்!" என்று வாணாம் சார் எழுந்தே நின்றுவிட்டார். "இவ்ளோ புள்ளியும் வெடிப்பும் ஒரே பழத்துல கெடைக்கிறது கஷ்டம். பயிற்சிக்கு வரவங்களுக்குக் காட்டணும். முந்நூறு!"

கூடை அவருக்கே போனது. ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவருக்கு நன்றி சொல்ல வாசல்வரை போன நான், அப்படியே நின்றுவிட்டேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, பயிற்சிக்குக் காட்ட வேண்டிய பழங்களை ஒவ்வொன்றாகச் சட்டையில் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஷீபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடுத்த போகம் ஒரு ஏக்கரா போடலாமா, கேட்டுட்டு வரேம்மா" என்று அவரிடம் ஓடினாள்.

போன மாதம் அவருக்கு நாயுடுபேட்டைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. அங்கே அவருக்கு வெடித்த தக்காளி யார் கொடுப்பார்களோ, தெரியவில்லை.