சம்பந்தியின் லாரியும் ஆறாவது காலுறையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். வண்டியும் சௌக்கியம். இந்த இரண்டாவது சௌக்கியத்தை மனதில் நன்றாக இருத்திக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் மேற்கொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் முதுகுப்பிடிப்பு எப்படி இருக்கிறது? குனிந்து நிமிர முடிகிறது என்றால் ரொம்ப சந்தோஷம். அதற்காக நாளைக் காலையிலேயே இன்ஜினைக் குனிந்து பார்க்கும் அளவுக்கு அவசரப்பட வேண்டாம். ஐந்து மணிக்குத் தாங்கள் வரும்போது வண்டிச் சாவியோடு இந்த உறையும் வாசற்கதவில் தொங்கும். நேரில்தான் சொல்ல நினைத்தேன், நாக்கு எழவில்லை.

டாக்டர் பத்து நாள் ஓய்வு என்றதும் தாங்கள் வண்டியை எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போனபோது என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தினமும் காலையில் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டும், பேட்டரி இறங்கக் கூடாது, அவ்வளவுதான். முதல் ஐந்து நாள் அதைத்தான் செய்தேன். ஆறாம் நாள் பக்கத்தில் நின்று கேட்டேன், வண்டி மூச்சு வாங்குவது போல எனக்குப் பட்டது. தாங்களே சொல்லியிருக்கிறீர்கள், மேட்டில் ஏறும்போது இழுக்க மாட்டேன் என்கிறது என்று. நான் குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் பம்ப் ஓட்டியவன். குழாய் உள்ளே சொரசொரப்பாக இருந்தால் தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் வரும், வழவழப்பாக இருந்தால் ஓடி வரும். காற்றுக்கு மட்டும் வேறு நியாயமா? பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய், மேனிஃபோல்டு என்கிறார்களே, அது பக்கவாட்டில் ஆறு வாயோடு உட்கார்ந்திருக்கிறது. விரலை விட்டுத் தடவினேன், உள்ளே ஒரே மேடு பள்ளம். கம்பெனிக்காரன் வார்த்த கையோடு அனுப்பிவிட்டான். பன்னிரண்டு நட்டுதான், கழற்றிவிட்டேன்.

மேனிஃபோல்டை எடுத்ததும் இன்ஜினில் ஆறு ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே தூசி போய்விடக் கூடாதே என்று ஆபீஸ் காலத்து நீலக் காலுறைகள் மூன்று ஜோடியை எடுத்து வந்து ஓட்டைக்கு ஒன்றாகச் சுருட்டி அடைத்தேன். (என் புத்திசாலித்தனம் இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் சரியாக வேலை செய்தது, அதுவும் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.) பிறகு சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, இரும்பு ராவுகிற கை கிரைண்டரை வைத்து மூன்று நாள் ராவினேன். சோற்றில் அலுமினியத் தூள், தலையணையில் அலுமினியத் தூள். உங்கள் சம்பந்தியம்மா, "ஏங்க, அவர் வண்டிய நிறுத்திவச்சிட்டுப் போனாரா, இல்ல உங்களுக்கு விளையாடக் குடுத்துட்டுப் போனாரா?" என்று கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று மத்தியானம் திரும்ப மாட்டினேன். இடையில் வைக்கிற கேஸ்கட் கழற்றும்போதே கிழிந்துவிட்டது, அதனால் ஷூ டப்பா அட்டையை அளவாக வெட்டி வைத்தேன். இது தப்பு என்று இப்போது தெரிகிறது, நேற்று கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. காலுறைகளை உருவி வாளியில் போட்டேன், பன்னிரண்டு நட்டையும் முடுக்கினேன், சாவியைத் திருப்பினேன். வண்டி விசிலடித்தது, இருமியது, குலுங்கி நின்றுவிட்டது. வாளியிடம் ஓடி எண்ணினேன். ஐந்து காலுறைதான் இருந்தது.

சம்பந்தி, அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை எழுதினால் தாளே ஈரமாகிவிடும். மறுபடி பன்னிரண்டு நட்டையும் கழற்றினேன். ஆறு ஓட்டையும் காலி. அப்படியானால் ஆறாவது காலுறையை இன்ஜின் விழுங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? நாளைத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தாள் ஆலை வாசலில் தங்கள் வண்டி நிற்காவிட்டால் லோடு அடுத்த ஆளுக்குப் போய்விடும், ஒரு தடவை போனால் திரும்பாது என்று தாங்கள் சொன்னது காதிலேயே நின்றது. என் பெண் தங்கள் வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள். 'உங்க அப்பா வண்டிக்குக் காலுறை ஊட்டிட்டாரே' என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள், தங்கள் குணம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்காமல் இருப்பீர்களே, அதை அவள் எப்படித் தாங்குவாள்? நான் எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பது? முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயதில் ஸ்டெப்னி டயரில் சாய்ந்துகொண்டு அழுவது சௌகரியமாகவும் இல்லை.

மெக்கானிக்கை வரவழைத்தோம். இந்தப் பக்கத்தில் அவருக்கு 'அரைநிமிஷம்' என்று பேர், எதற்குக் கூப்பிட்டாலும் அரை நிமிஷத்தில் வருகிறேன் என்பார். மூன்று மணி நேரம் கழித்து வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், எந்தப் பொறுக்கிப் பய கைய வச்சான் இதுல?"

"நான்தான்," என்று காலுறைக் கதையையும் சொன்னேன்.

"சரி, அப்ப பெரியவங்க கைய வச்சிருக்கீங்க. காலுறை உள்ள போயிருந்தா ஹெட்ட, அதான் இன்ஜின் மேல்மூடிய, தூக்கித்தான் பாக்கணும். நாலு நாள் ஆகும்."

நாலு நாள் என்றதும் நான் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தேன். அப்போது உங்கள் சம்பந்தியம்மா காபி டம்ளர்களோடு வந்தவள் அப்படியே நின்று, கீழே பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் வேட்டியத் தூக்குங்க."

"ஏண்டி, இது என்ன நேரம்?"

"தூக்குங்கன்னா தூக்குங்க. இடது கால்ல போட்டுக்கிட்டு நிக்கறீங்களே, அது என்ன?"

நீலக் காலுறை. வேலையின் முதல் நாளே அலுமினியச் சீவல் குத்திப் பாதத்தில் ரத்தம் வந்தது, ஒரு ஓட்டையில் இருந்ததை உருவிக் காலில் மாட்டிக்கொண்டு, அந்த ஓட்டையில் பாத்திரம் துடைக்கிற துணியைத் திணித்தேன். மறந்தே போனேன். அந்தத் துணியையும் அவள் அன்று சாயங்காலமே உருவித் துவைத்துவிட்டாளாம். "என் துணிய எங்க பாத்தாலும் எடுத்துக்குவேன், உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றாள். மூன்று நாளாக, தூங்கும்போதுகூட, அதைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். மெக்கானிக் அரைநிமிஷம் வாங்கிய காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், சிரித்தார், பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் காலைத் தூக்கி முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது, முட்டி மடங்கவில்லை.

விசிலுக்கும் இருமலுக்கும் காரணம் ஷூ டப்பாதான். இன்று காலை அவர் நிஜ கேஸ்கட் போட்டு முடுக்கினார். சாவியைத் திருப்பியதும் வண்டி தங்கமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஓட்டியும் பார்த்துவிட்டோம். மேட்டில் முன்னைவிட நன்றாக இழுக்கிறதா என்று ஆசையாகக் கேட்டேன். "அதே இழுப்புதான் சார். சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கு," என்றார். போகட்டும், கெடவில்லையே, அது போதும் எனக்கு. அலுமினியத் தூள் இல்லாத சோறு இன்றைக்குத்தான் சாப்பிட்டேன். இனிமேல் அடுத்தவர் வண்டியில் கை வைப்பதில்லை என்று சத்தியம் செய்து, ஸ்பேனர் பெட்டியைப் பூட்டி உங்கள் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மனசு பஞ்சாக இருக்கிறது.

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் மனப்பூர்வமான ஆசிகள், நீண்ட ஆயுளும் குறையாத லோடும் கிடைக்கட்டும். நடந்ததைப் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு ஒரு யோசனை வந்ததால் பிரித்து எழுதுகிறேன். காற்று உள்ளே போகிற வழியை மட்டும் வழவழப்பாக்கிவிட்டு, மறுபக்கம் புகை வெளியே போகிற குழாயை அப்படியே விட்டால் இழுப்பு எப்படிக் கூடும்? அதனால்தான் பலன் தெரியவில்லை. பயப்பட வேண்டாம், சும்மா எட்டிப் பார்க்கத்தான், உங்கள் சம்பந்தியம்மா தூங்கியதும் பெட்டியைத் திறந்து நான்கே நான்கு நட்டைக் கழற்றினேன். மூன்று என் கையில் பத்திரமாக இருக்கின்றன.