கழுத்து சார் தர மறுத்த கருவி

திருவண்ணாமலையில் மலையை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல் மலையைச் சுற்றி வந்த ஒரே மனுஷர் எங்கள் கழுத்து சார்தான்.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் நான் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவர் எங்கள் மிஷின்களைப் பழுது பார்ப்பவர். நாங்கள் கழுத்து சார் என்று கூப்பிட இரண்டு காரணம். எந்தப் பேச்சை எடுத்தாலும் ‘கழுத்து திரும்பணும்’ என்றுதான் முடிப்பார். அப்படி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்; சுத்தக் கழுத்தறுப்பு.

விஷயம் இதுதான். வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமராவில் பார்த்து ஆபரேஷன் செய்யும் முறை அப்போதுதான் எங்களிடம் வந்திருந்தது. உள்ளே விடும் கருவிகள் எல்லாம் குடைக்கம்பி மாதிரி நேரானவை. ரத்தக்குழாய் கொஞ்சம் மறைவாக இருந்தால், கம்பிக்குப் பதில் எங்கள் பெரிய டாக்டர் தன் உடம்பை வளைப்பார். ஒரு நாள் கிட்டத்தட்ட என் தோளிலேயே சாய்ந்துவிட்டார். மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கழுத்து சார், ஆபரேஷன் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“டாக்டர் வளையறதுக்குக் கம்பி வளையலாம் இல்ல, சிஸ்டர்? நுனியில ஒரு கழுத்து வேணும். திரும்பணும், குழாயைப் புடிக்கணும், கரண்ட் விட்டு சூட்டுல ஒட்டி மூடணும். மூணும் ஒரே கருவி.”

“செய்யுங்க சார்,” என்றேன். பேச்சு முடியட்டும் என்றுதான் சொன்னேன். அவர் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்தார். செங்கம் ரோடு கெஸ்ட் ஹவுஸில் ஒரு வெள்ளைக்காரரிடம் அறுந்த கிட்டார் கம்பி வாங்கி வந்தார். முதல் கருவி தயாரானது. கழுத்தைத் திருப்பினால், குழாயைப் பிடிக்கும் வாய் தானாகத் திறந்துகொண்டது. “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்,” என்றார் எங்கள் ஆயாம்மா.

ஒரு பௌர்ணமி சாயங்காலம் அவரும் நானும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலைப் பக்கம் பாதை வளையும் இடத்தில் சட்டென்று நின்றார். பின்னால் வந்தவர்கள் வரிசையாக அவர்மேல் மோதினார்கள். அவர் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பாதை மாதிரியே வளைத்துப் போட்டு ரோட்டில் குந்திவிட்டார்.

“இங்க பாருங்க சிஸ்டர். மலைப் பக்கமா நடக்கறவங்களுக்கு தூரம் கம்மி. அந்தாண்ட நடக்கறவங்களுக்கு ஜாஸ்தி. நட்டநடுவுல போறவனுக்கு ரெண்டும் இல்ல. வாயை மூடற கம்பிய கழுத்துக்கு நட்டநடுவுல விட்டா, எவ்ளோ திருப்பினாலும் இழுபடாது.”

ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து ஒரு அம்மா அவர் நூலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கழுத்து சரியாகிவிட்டது. அடுத்தது ஒட்டுவது. கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தக்குழாய்களை டிபன் பாக்ஸில் கொண்டுபோனார். அவர் குடியிருந்தது வேங்கிக்காலில், சுத்த சைவமான ஒரு வீட்டு மாடியில். வாசனையை மறைக்க ஊதுவத்தி ஏற்றினார். இரண்டும் சேர்ந்த வாசனைக்கு வீட்டுக்கார அம்மா மேலே வந்துவிட்டார்.

“என்ன சார் சமைக்கிறீங்க?”

“சமைக்கலைங்க. ஒட்டறேன்.”

அந்த வாரமே அவர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் பக்கத்து ஷெட்டுக்குக் குடிவந்தார். அதோடு எங்கள் பி.பி. மிஷினும் காணாமல் போனது. ஒட்டிய குழாயில் தண்ணீர் நிரப்பி, அதை மாட்டிக் காற்றடித்து, கசிகிறதா என்று பார்ப்பார். வார்டில் நோயாளிகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒருமுறை பெரிய டாக்டர் குனிந்து பார்த்தபோது குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் அவர் சட்டை முழுக்க அடித்தது. கழுத்து சார் டாக்டரைப் பார்க்கவில்லை. பாதரசம் எதுவரை ஏறியது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்தில் கருவி நன்றாகவே ஒட்டியது. எப்போதாவது ஒன்று கசியும். ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேங்கிக்கால் வீட்டுக்கார அம்மா பித்தப்பைக் கல்லோடு எங்களிடம் வந்தார். ரத்தக்குழாய் ரொம்ப மறைவாக இருக்கும் போலிருந்தது. டாக்டருக்கு ஆசை வந்துவிட்டது. “உன் கருவியைக் குடுய்யா. நாளைக்கு அதுலயே பண்ணிடலாம்.”

“தரமாட்டேன் சார்.”

“பின்ன எதுக்குய்யா மூணு வருஷமா செஞ்ச?”

“இதுவரைக்கும் ஆட்டுக்குத்தான் சார் செஞ்சிருக்கேன்.”

வார்டில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “வீட்டை விட்டு அனுப்பிட்டேன்னு பழி வாங்கறார்மா.” இதைக் கேட்ட கழுத்து சார், கசிந்த குழாயை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு வார்டுக்கே போனார். சைவ அம்மாவுக்கு விளக்குவதற்கு.

“அதைத் தூரமா வச்சுட்டு சொல்லுங்க,” என்றார் அந்த அம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

“இது கசிஞ்சுதும்மா. ஏன்னு எனக்கே தெரியல. எனக்குத் தெரியாத ஒண்ண உங்க வயித்துக்குள்ள விடமாட்டேன்.”

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். “சாப்டீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை டாக்டர், “ஷெட்லேர்ந்து எடுத்துட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்,” என்று என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தேன். மேஜைமேல் கருவி துண்டு துண்டாகக் கிடந்தது. கம்பி தனி, கழுத்து தனி, வாய் தனி. நாங்கள் எடுத்துவிடுவோம் என்று தானே பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

டாக்டர் பழைய குடைக்கம்பிகளோடு வளைந்து நெளிந்து ஆபரேஷனை முடித்தார். அந்த அம்மா பிழைத்து, நடந்து வீட்டுக்குப் போனார்.

கருவியைத் திரும்ப மாட்டும்போதுதான் கழுத்து சார் அதைக் கண்டுபிடித்தார். கழுத்து வளையும் இடத்தில், கரண்ட் போகும் ஒயரின் மேலுறை மயிரிழை அளவுக்குத் தேய்ந்திருந்தது. சில சமயம் கரண்ட், கழுத்தைத் திருப்பும் கம்பியில் பாய்ந்துவிடும். குழாய் சரியாக ஒட்டாது. அதைவிட மோசம், அன்றைக்கு அதை உள்ளே விட்டிருந்தால் அந்த அம்மாவின் வயிற்றுக்குள் வேறெங்கோ சுட்டிருக்கும். டாக்டர் பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “டீ சாப்டலாம் வாங்க சார்,” என்றார். அதுவரை அவரை ‘வாய்யா’ என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

அடுத்த வருஷம் பெங்களூரில் கருவிகள் செய்யும் ஒரு பட்டறை கழுத்து சாரைக் கூப்பிட்டுக்கொண்டது. பஸ் ஏற்றிவிட நான் போனேன். புது மேலுறையைப் பற்றி ஜன்னல் வழியாக விளக்கிக்கொண்டே இருந்தார். பஸ் நகர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. மீதிப் பாதி என் காதில் விழவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.