குடல் காத்த கம்பெனி

மக்களின் குடலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட கம்பெனி உலக சரித்திரத்தில் வேறு கிடையாது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் வெடித்துக் கிடக்கும் பொட்டலில் அது இருக்கிறது. பலகாரம் மடிக்கும் தாளில் எண்ணெய் ஒட்டாதிருக்க ஒரு 'பூச்சு' தயாரிக்கிறது. அது அழுகாது, கரையாது, எந்தக் காலத்திலும் அழியாது. கல்வெட்டுக்குக்கூட இல்லாத பெருமை.

கம்பெனி நடத்திய 'குடல் நல முகாமு'க்கு, தீப்பெட்டி ஆபீசில் லீவு சொல்லிவிட்டுச் சொர்ணத்தாய் வந்திருந்தாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. தைராய்டு தன் இஷ்டத்துக்கு ஏறியது. மாதவிலக்கு நினைத்தபோது வந்தது. மாமியார் திட்டி ஓய்ந்து, மகனுக்கு வேறு பெண் பார்க்கும் யோசனைக்கு வந்திருந்தாள்.

கம்பெனி டாக்டர் மணிகண்டபிரபு மைக்கில் முழங்கினார். வயிற்றுக்குள் கோடானுகோடி நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, ஹார்மோன்களுக்கு அவைதான் 'நாட்டாமை', பெண்கள் பரோட்டா தின்று அவற்றைப் பட்டினி போடுகிறார்கள் என்றார். பழைய சோறு சாப்பிட்டால் எல்லாம் சரியாகும் என்று தீர்ப்பும் வழங்கினார்.

சொர்ணத்தாய் தயங்கி எழுந்தாள்.

"தெனமும் அதத்தான் சாப்பிடுதேன் சார்."

"எந்தத் தண்ணியில ஊறப்போடுதீங்க?"

"நீல டிரம்முத் தண்ணியில. பூச்சு தீந்த டிரம்ம பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கொண்ணு குடுக்கீங்கள்லா, அது."

டாக்டர் மெல்ல மைக்கை அணைத்தார். "கழுவுனீங்களாம்மா?"

"சாம்பல், புளி, சீயக்காய் எல்லாம் போட்டுத் தேச்சாச்சு. உள்ள ஒரு வழுவழுப்பு மட்டும் போகமாட்டேங்குது."

"போகாதும்மா," என்றார் டாக்டர். குரலில் அவரையறியாமல் ஒரு கம்பெனிப் பெருமை.

மேனேஜர் சாமித்துரை மைக்கை வாங்கினார். பயப்பட ஒன்றுமில்லையாம். அந்தப் பூச்சில் கொஞ்சத்தை நல்ல கிருமிகளே விழுங்கி வெளியேற்றுவதாக எலிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களாம். ஆகவே தாய்மார்கள் பழைய சோற்றை இரட்டிப்பாக்க வேண்டும்.

"அதே தண்ணியிலயா சார்?"

"வேற தண்ணி இருக்கா இங்கன?"

இல்லை. ஆலைக் கழிவு இறங்கும் ஊர்க்கிணறு ஒன்றுதான். கூட்டம் கைதட்டியது.

மறுவாரம், ஆலைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எங்கே என்று கேட்டு ஓர் அதிகாரி வந்தார். மேனேஜர் ஊர்ப்பக்கம் கைகாட்டினார். வீட்டுக்கு ஒன்று நிறுவியிருக்கிறோம் சார், கரண்டு வேண்டாம், கூலி வேண்டாம், தன் சோற்றைத் தானே போட்டுக்கொள்ளும் என்றார். அதிகாரி மனம் நெகிழ்ந்து திரும்பினார்.

அந்த நிலையங்களில் ஒன்றைத்தான், பிள்ளை பெறவில்லை என்று அன்றைக்குத் தாய்வீட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் புதிதாக ஒன்றை நிறுவ மாமியார் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.