கிரேக்க ராணியின் கடைசி இருபது பக்கம்

ஒரு புத்தகத்தைத் திருடி என் வயிற்றைக் காப்பாற்றிய வீர வரலாற்றைச் சொல்கிறேன். கைதட்டலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் குணசேகரன். இது 2009. ஹைதராபாத் சைனிக்புரியில் வீடு, ஊரின் மறுகோடி ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. என் மனைவி சௌம்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதையில் தலையணை சைஸுக்கு ஒரு பழைய ஆங்கில நாவல் வாங்கினாள். கிரேக்கப் புராணத்தை ராணியின் வாயால் புதிதாகச் சொல்லும் கதை. ராஜா போருக்குப் போய்ப் பத்து வருஷம். வீடு திரும்ப இன்னொரு பத்து வருஷம். அவருடைய பிரதாபத்தையெல்லாம் ராணி உட்கார்ந்த இடத்திலேயே கிழிகிழியென்று கிழிக்கிறாள்.

சௌம்யாவுக்குக் கிரேக்கம் பிடித்தது. எனக்குக் கிறக்கம் வந்தது. பசிக் கிறக்கம்! சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. ரசத்தில் ஒரு தடவைகூட இல்லை.

"சௌமி, டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம்டி..."

"அந்த ராஜாவும் இதையேதான் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"கடல்ல புயல், வழியில ராட்சசன்னு. ராணி ஒண்ணையும் நம்பலை."

"நான் பாரடைஸ் ஹோட்டல் சிக்னல்ல நின்னேன்!"

"பாரடைஸ்லயா? அப்ப பிரியாணி ஆயிருக்கும். உங்களுக்கு மோர் போதும்."

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, புத்தகத்தை என் ஆபீஸ் பையில் லேப்டாப்புக்குப் பின்னால் படுக்க வைத்தேன்.

அதற்கப்புறம் ஐந்து நாள் ராஜபோகம். அவள் தேடினாள். நானும் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன். எவ்வளவு தத்ரூபமாக என்றால், போன வருஷம் தொலைந்த என் செருப்பு கிடைத்தது. நுரை பொங்கக் காபி வந்தது. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வந்தன. பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேன். ஆபீஸில் ராஜநடை நடந்தேன்.

கம்பெனி காரில் போக வர நான்கு மணி நேரம். எதிரியின் பலத்தைப் பார்க்கலாமே என்று புத்தகத்தைத் திறந்தேன். அப்புறம் மூட முடியவில்லை. வெள்ளிக்கிழமை, ராஜா பிச்சைக்கார வேஷத்தில் தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறார். ராணி பார்க்கிறாள். தெரிந்துவிட்டதா? தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாளா? பக்கத்தைப் புரட்டினேன். அட்டை! கடைசி இருபது பக்கத்தைக் காணோம்.

சனிக்கிழமை முழுக்கப் பொறுத்தேன். ஞாயிறு காலை காபியை ஆற்றியபடி, பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏன் சௌமி, அந்த ராணி கடைசில அவரை உள்ள சேத்துக்கிறாளா?"

"எவரை?"

"அதான், பிச்சைக்காரனா வாசல்ல..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சௌம்யா பீரோவைத் திறந்தாள். ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கற்றை ஒன்றை எடுத்தாள்.

"பைண்டிங் விட்டுப்போச்சுன்னு தனியா எடுத்து வெச்சேன். நீங்க எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே முழுசும் படிச்சு முடிச்சாச்சு."

"அப்ப எதுக்குத் தேடினே?"

"நீங்க டார்ச் அடிச்சுத் தேடற அழகைப் பார்க்கத்தான்."

ஒரே ஒரு தாளை உருவி என் கண் முன்னால் ஆட்டினாள்.

"பாத்திரம் தேச்சுட்டு வாங்க, தரேன்."

முதல் தாளுக்குப் பாத்திரம் தேய்த்தேன், இரண்டாவதுக்கு ஒட்டடை அடித்தேன், மூன்றாவதுக்காக இப்போது சிகந்திராபாத் ஸ்டேஷனில் நிற்கிறேன்: மாமியார் வருகிறார், ஒரு மாதத்துக்கு.