ஒல்லாந்து விலாங்கு

பழவேற்காட்டில் டச்சு ஆட்சி முடிந்துவிட்டதாகப் புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். பொய். நான் அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில்கூட அது அமோகமாக நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் ஒரே ஆள். ஊர் அவரை 'டச்சு' என்றுதான் கூப்பிடும். நிஜப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும்.

"எங்க நைனாவோட நைனாவோட நைனா ஒல்லாந்து கவர்னரு, தம்பி!" என்பார். ஆதாரம் கேட்டால் வெயிலில் சிவந்த மூக்கைக் காட்டுவார். பழவேற்காட்டு வெயிலில் எருமைக்கே மூக்கு சிவக்கும். யார் எடுத்துச் சொல்வது?

தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் குச்சி எடுத்துக் குத்த மாட்டார். "டச்சுக்காரன் வெட்னது. தமிழ்ல திட்னா அதுக்கு இன்னா புரியும்?" என்று விளக்கம் மட்டும் தருவார். டச்சுக் கல்லறைக்கு வரும் வெளியூர்க்காரர்களை அவரே பிடித்துக்கொள்வார். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைக் காட்டி, "சம்பள உயர்வுக்குக் காத்துனு இருந்த குமாஸ்தா" என்பார். பாவம், அவர்களும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வருஷம் பேய்மழை. வெள்ளம் வந்து ஏரித் தண்ணீரே உப்புச் சப்பில்லாமல் போயிருந்தது. அந்தப் பக்கம் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள், எந்த இடம், எந்த வீட்டுக்கு என்று முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். அன்றைக்குப் பாடு தேசம்மா வீட்டுக்கு. புருஷன் போனபிறகு மகன் சேகருக்குக் கிடைத்த முதல் முறை. இதை விட்டால் வலையை விற்றுவிட்டுக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

முதல் வலையிலேயே ஏறியது ஒரு ஜந்து. கருப்பாக, வழவழவென்று, கை நீளத்துக்கு விலாங்கு மாதிரி நெளிந்தது. ஆனால் பல்லிக்குட்டிக்கு இருப்பதுபோல் நாலு கால்!

"பாம்புக்குக் காலு மொளச்சிருக்குடோய்!" என்று கரையே அலறியது.

இனம் தெரியாதது வலையில் ஏறினால், அம்மனுக்குப் பூசை முடியும்வரை அந்தப் பாட்டை மூடிவிடுவது வழக்கம். ஊர்த் தலைவர் கையை விரித்தார். தேசம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் டச்சு. குனிந்து பார்த்தார்.

"அட, இன்னாய்யா! இது ஒல்லாந்து விலாங்கு. எங்க தாத்தனுங்க கோட்டை அகழில வளத்தது."

"விலாங்குக்கு ஏதுடா காலு?" என்றார் தலைவர்.

"கப்பல்லருந்து எறங்கி வரணுமே. காலு வாணாமா?"

தலைவரும் லேசுப்பட்டவர் இல்லை. "விலாங்குன்னா கொழம்பு வச்சுத் துன்னு காட்டு. பாட்டைத் தொறந்துடறேன்."

கரை கொல்லென்று சிரித்தது. விலாங்கு என்ற பேரைக் கேட்டாலே டச்சுவுக்குக் குமட்டும் என்பது ஊரறிந்த சங்கதி. கவர்னர் பரம்பரை திருதிருவென்று விழித்தது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "புளி கொஞ்சம் தூக்கலா போடு தாயி" என்றது.

தேசம்மாவே குழம்பு வைத்தாள். டச்சு கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தார். ஆள் சாகவில்லை. ஆகவே அது மீன்தான் என்று ஊர் ஏகமனதாக முடிவு செய்தது. சேகர் மறுபடி வலை இறக்கினான். பொழுது சாய்வதற்குள் கூடை கூடையாக இறால்.

குழம்புக்கு நறுக்கும்போது ஒதுக்கிய ஜந்துவின் தலைப்பக்கத்தை நான் ஐஸில் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்த கல்லூரி வாத்தியார் ஒருவர், "இது மீனே இல்லை. தவளைக்குப் பங்காளி. யாரோ தொட்டியில் வளர்த்தது வெள்ளத்தில் வந்திருக்கும்" என்றார். அமெரிக்காவில் இதற்குக் 'காங்கோ விலாங்கு' என்று பேராம். அது காங்கோவைப் பார்த்ததும் இல்லை, விலாங்கும் இல்லை. டச்சுவுக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் போல.

அவர் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றும் ஆசையோடு ஓடினேன். "அண்ணாத்தே, நீங்க துன்னது தவளை ஜாதி!"

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஏரிக்கரைல பொறந்தவனுக்கு விலாங்கு தெரியாதா தம்பி? அந்தப் பொண்ணு சேத்துல உக்காந்தத நீ பாக்கல?"

"அப்போ கொழம்பு?"

"கண்றாவி. 'நல்லாக்கீதாண்ணா'ன்னு கேட்டுக்கினே ரெண்டாந்தரம் ஊத்துச்சு. வேணாம்னு சொல்ல வாய் வரல."

எனக்கும் அதற்குமேல் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.