சார்பில் குடிக்கும் வக்கீல்

புதுச்சேரி,
ஜூன் 2006

அன்பு மகள் மனோனுக்கு அப்பா க்சாவியே எழுதுவது. நீயும் மாப்பிள்ளை அர்னோவும் பிரான்சில், துலூசில் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் முறுக்கேறிய உடம்பு. உன் அம்மா ஜோசெத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நீ டெலிபோனில், மறதிக்கு நல்லது, மூளைக்குத் தெம்பு என்று சொன்னாயே, தினம் காலையில் வாழைப்பழம், பப்பாளி, பால், கூடவே ஒரு ‘அவொகா’ என்று, அதை அப்படியே செய்து வருகிறேன். பழத்தையும் பாலையும் மிக்சியில் போட்டு அடித்துவிடலாம், அவொகாவை எப்படிப் போடுவது என்று முதலில் குழம்பிப்போனேன். அவொகா என்றால் பிரெஞ்சில் வக்கீல் ஆயிற்றே. அப்புறம் புரிந்தது. பிறப்பு, கல்யாணம், பென்ஷன் எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டே பழகியவர்கள் நாம். பழரசத்தையும் வக்கீல் முன்னிலையில்தான் குடிக்க வேண்டும்போல. கோர்ட்டு வாசலில் போய் நின்றேன். கறுப்புக் கோட்டு போட்ட ஒருத்தர் தாமாகவே கிட்டே வந்து, “என்னத்தானே தேடுறீங்க, போலாம் வாங்க” என்றார். பெயர் சக்கரபாணி.

நல்ல மனிதர், ஆனால் நடந்தால் சத்தமே கேட்காது. கதவைத் தட்டுவதும் இல்லை. மிக்சியை நிறுத்திவிட்டுத் திரும்பினால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார். மழையே இல்லாத நாளிலும் கோட்டு ஈரமாக இருக்கும், வைத்திக்குப்பத்து மீன்படகு வாடை அடிக்கும். ஒரு நாள் மூடியைச் சரியாக அழுத்தாமல் மிக்சியைப் போட்டுத் தொலைத்தேன், பப்பாளிக் கூழ் பறந்து நேரே அவர் மூஞ்சிக்குப் போச்சு, போய் அவருக்குப் பின்னால இருக்கிற சுவத்துல அப்பிக்கிச்சு, அவர் மேல ஒரு பொட்டு ஒட்டல. வக்கீலாச்சே, எதுவும் ஒட்டாது என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மாவை நினைத்தால்தான் கவலை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, “யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?” என்று என்னைக் கேட்கிறாள். மறதி அவ்வளவு முற்றிவிட்டது. டம்ளரை நீட்டினால் குடிக்கவும் மாட்டேன் என்கிறாள். கடைசியில் வக்கீல்தான் வழி சொன்னார்: கட்சிக்காரர் சார்பில் கோர்ட்டில் ஆஜராகலாம் என்றால், சார்பில் குடிக்கவும் செய்யலாமாம். இப்போ தினமும் அவரே குடிக்கிறார், ஒரு சொட்டு மிச்சம் வைக்கிறதில்ல. குடிக்கக் குடிக்க அவருக்கு ஞாபகம் பெருகுது மனோன். நான் யார்கிட்டயும் சொல்லாத சங்கதியெல்லாம், நீ பிறந்த அன்னைக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதது உட்பட, எடுத்து எடுத்துச் சொல்லுறாரு. கேட்டப்புறம், அழுதது நானா அவரான்னு எனக்கே சந்தேகமாப் போவுது.

எனக்கு ஒரே பயம்தான். ஒரு நாள் ஜோசெத் என்னையே யாரென்று கேட்டுவிடுவாளோ. அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போ.

கர்த்தர் உங்கள் வீட்டைக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உன் அப்பா
க்சாவியே

பின்குறிப்பு: மனோன், அம்மா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி அப்பா கொடுத்தார். நீ பழரசம் கொடுக்கச் சொன்னது அவருக்குத்தான், எனக்கு இல்லை. அவொகா என்று நீ சொன்னது வெண்ணெய்ப் பழம் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு எந்த வக்கீலும் வருவதில்லை. காலி நாற்காலிக்கு முன்னால் டம்ளரை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். டம்ளரைக் காலி செய்வது அப்பாதான் என்று நினைத்திருந்தேன். இன்றைக்குக் காலையில் என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்று, “வாங்கம்மா, வக்கீலப் பாக்கணுமா? இப்பத்தான் எழுந்து போனாரு, உக்காருங்க” என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது.