பூக்கட்டி எடுத்த ஸ்கோப்

"சொல்லு குகா. எது நல்லது?"

சுவிஸின் துன் நகரத்துத் துவக்குக் கடையின் கண்ணாடி மேசையில் இரண்டு ஸ்கோப்புகள் கிடந்தன. துவக்கின், அதாவது துப்பாக்கியின், முதுகில் பூட்டினால் தூரத்து மானைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் சாமான். ஒன்று நெட்டை, அதன் முன்கண்ணாடி தேத்தண்ணிக் கோப்பை அகலம். மற்றது கட்டை. கேட்டவர் ஹோட்டல் முதலாளி மோஸர். முழித்துக்கொண்டு நின்றவன் அதே ஹோட்டலில் சட்டி பானை கழுவும் குகநாதன்.

குகநாதன் நெட்டையை எடுத்துக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, வாசல் வழியே ஏரியைப் பார்த்தான். ஏரியைக் காணவில்லை. துன்னையே காணவில்லை. ஒரே இருட்டு.

"மிகவும் நல்லது, ஷெஃப்." முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

கட்டையை எடுத்தான். அதற்குள்ளும் அமாவாசை.

"இதுவும் மிகவும் நல்லது."

இந்தக் கண்ராவிக்கெல்லாம் காரணம் சூரிச்சில் இருக்கும் கூட்டாளி இராஜேந்திரன். குகநாதன் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றே அவன் உபதேசம் பண்ணினான். "மச்சான், வெள்ளைக்காரன் என்ன கேட்டாலும் 'யா', ஓம் எண்டு சொல்லு. 'நைன்', இல்லை எண்டு சொன்னியோ, வேலை போச்சு." அகதி முகாமில் நம்மவர்கள் எல்லோருக்கும் அதுதான் மந்திரம்.

வேலை கேட்டுப் போன நாளில், மோஸர் சாப்பாட்டறைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய மான் கொம்புகளைக் காட்டி, "உன் ஊரில் நீ வேட்டையாடியிருக்கிறாயா?" என்று கேட்டார். கேள்வி நன்றாக விளங்கியது. விளங்கியும் "யா" என்றான். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுத்தவன். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாதவன். கொத்துகிற சேவலைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போகிறவன். ஒரே ஒரு "யா"வில் வன்னிக் காட்டு வேட்டைக்காரனாகிப் போனான்.

வேலை கிடைத்தது. பிறகு அந்த "யா" குட்டி போடத் தொடங்கியது. மான் சுட்டாயா? யா. பன்றி? யா. சிறுத்தை? அதற்கும் யா. வாய் பழகிவிட்டது, என்ன செய்ய!

கடைக்காரர் பொறுமைசாலி. "ஒரு விஷயம். சுடும்போது கண்ணை..." என்று தொடங்கினார்.

"யாருக்குப் பாடம் சொல்கிறீர்கள்?" மோஸர் கையை உயர்த்தினார். "சிறுத்தை சுட்டவன் ஐயா இவன்!"

 கடைக்காரரைப் பேசவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மோஸர் தன் பங்குக்கு ஸ்கோப்பைக் கை நீட்டி முகத்திலிருந்து எட்டவே பிடித்துப் பார்த்தார். அவருடைய வலது புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு. காட்டுப்பன்றி பாய்ந்து கிழித்ததாம். ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதை உண்டு. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பன்றி கொஞ்சம் பெருத்துவிடும்.

"இரண்டையும் வீட்டுக்குக் கொண்டு போ. ஆறுதலாகப் பார்த்து நீயே ஒன்றைத் தெரிவு செய். ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பார்ப்போம்," என்றார் மோஸர். "வேட்டைக்காரனைச் சட்டி கழுவ வைத்தது என் பிழை. வேட்டைப் பருவம் தொடங்கட்டும், உன்னைச் சமையல் பக்கம் எடுக்கிறேன்."

சமையல் பக்கம்! கொதிநீரில் வெந்து தோலுரிந்த கைகளைக் குகநாதன் பார்த்தான். "யா, ஷெஃப்" என்றான். வேறென்ன சொல்வான்?

வீட்டில் மனைவி ஞானேஸ்வரி இரண்டு ஸ்கோப்புகளையும் மேசையில் வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசனிட்டை உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது? எங்கடை அகதிக் கேஸுக்கு 'நல்ல பெடியன், பொய் சொல்லமாட்டான்' எண்டு நிண்டு கதைக்கிறதே அவர்தான். இதிலை பொய் சொன்னவன் கேஸிலையும் பொய்தான் சொல்லியிருப்பான் எண்டு நினைச்சாரோ, ரெண்டு பேரையும் பிளேனிலை ஏத்திவிடுவாங்கள்!"

 அது பகிடி இல்லை என்று ஞானேஸ்வரிக்கும் தெரியும்.

"அப்ப ஏதோ ஒண்டை எடுங்கோ."

"எதை எடுக்கிறது? ரெண்டுக்குள்ளையும் ஒரு கோதாரியும் தெரியேல்லை!"

"எங்களுக்குத் தெரியாட்டில் பிள்ளையாரைக் கேப்பம்."

ஜன்னலுக்கு வெளியே பெட்டியில் பூத்திருந்த ஜெரேனியத்தில் சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று கிள்ளினாள். சிவப்பு நெட்டைக்கு, வெள்ளை கட்டைக்கு. இரண்டையும் பேப்பர் துண்டில் தனித்தனியாக மடித்து, பிள்ளையார் படத்துக்கு முன் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

"பிள்ளையாரும் கட்டைதானே," என்றாள். குகநாதனுக்கும் அது நியாயமாகப் பட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். அவன் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், ஸ்கோப்பின் முன்கண்ணாடியில் வட்டமாகச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"ஐயோ ஞானம்! என்ன வேலை பாத்தனீர்? அதுக்குள்ளாலைதான் பாக்கிறது!"

"புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் கொண்டு போகலாமோ?"

ஈரத்துணியால் துடைத்தான், சந்தனம் கண்ணாடி முழுக்கப் பரவியது. "கொஞ்சம் நல்லெண்ணெய் தொட்டுத் துடையுங்கோ," என்றாள். துடைத்தான். இப்போது சந்தனத்தோடு எண்ணெயும் சேர்ந்துகொண்டது. சட்டையால் துடைத்தான், பேப்பரால் துடைத்தான், கடைசியில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சுடுகிற திடலுக்கு மோஸரின் மனைவி லிஸ்பெத்தும் வந்திருந்தாள். மடக்குக் கதிரை, பாண், சொசேஜ், கூடவே ஒரு மருந்துப் பெட்டி. மருந்துப் பெட்டி எதற்கென்று குகநாதன் யோசித்தான். அதற்கு மேல் யோசிக்க நேரம் இருக்கவில்லை.

"ஏன் கட்டையைத் தெரிவு செய்தாய்?" மோஸர் அதைத் துவக்கில் கொளுவிப் பூட்டிக்கொண்டே கேட்டார்.

ஜெரேனியம் என்று சொல்லமுடியுமா? "கை சொன்னது, ஷெஃப்."

"கேட்டாயா லிஸ்பெத்? கை சொன்னதாம்! இதுதான் வேட்டைக்காரன்!" மோஸர் பூரித்துப் போனார். "முதல் வெடி உனக்கு. அது என் மரியாதை."

சொல்லிவிட்டு மரியாதையாக வெகுதூரம் பின்னால் போய் நின்றார்.

குகநாதன் நிலத்தில் படுத்துத் துவக்கைத் தோளில் வைத்தான். ஸ்கோப்புக்குள் ஒரே புகார், மூடுபனி மாதிரி. அட்டையில் வரைந்த மான் அதற்குள் எங்கேயோ நின்றது. கண்ணைக் கிட்டக் கொண்டு போனால் தெரியும் என்று நினைத்தான். இன்னும் கிட்ட. புருவம் விளிம்பில் முட்டும்வரை கிட்ட. 'பிள்ளையாரப்பா, நீ எடுத்துத் தந்தது, நீயே பார்த்துக்கொள்' என்று விசையை அமத்தினான்.

துவக்கு பின்னுக்கு உதைத்தது. ஸ்கோப்பின் விளிம்பு நேரே வந்து அவன் வலது புருவத்துக்கு மேல் இறங்கியது. குகநாதன் மல்லாந்தான். கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. அட்டை மானுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"ஸ்கோப் பழுது! முழுக்க முழுக்க ஸ்கோப்பின் பிழை!" யாரும் கேட்காமலே மோஸர் கத்தினார். "இன்றைக்கு நானும் சுடப்போவதில்லை!" துவக்கை உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு காரை நோக்கி விறுவிறு என்று நடந்தார்.

லிஸ்பெத் மருந்துப் பெட்டியோடு வந்து பக்கத்தில் முழங்காலிட்டு, பஞ்சால் இரத்தத்தை ஒற்றினாள். குகநாதனுக்கு நெற்றி நோவைவிட மனது நொந்தது. சமையல் பக்கம் போயிற்று. கேஸும் போயிற்று. இனி எதற்கு மறைக்க வேண்டும்? சுவிஸுக்கு வந்த பிறகு முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னான்.

"நைன், ஃப்ராவ் மோஸர். நான் வேட்டைக்காரன் இல்லை. ஒரு நாளும் துவக்குத் தொட்டதில்லை. பொய் சொன்னேன். ஷெஃபுக்குச் சொல்லுங்கள்."

லிஸ்பெத் காயத்தைத் துடைத்துப் பார்த்தாள். வலது புருவத்துக்கு மேல், அழகான பிறை. திரும்பி, கணவர் காருக்குள் ஏறிவிட்டாரா என்று பார்த்தாள். பிறகு குனிந்து அவன் காதோடு சொன்னாள்.

"சத்தம் போடாதே. என் புருஷன் மேல் பாய்ந்த காட்டுப்பன்றியும் இதே மாதிரி ஒரு ஸ்கோப்புக்குள் இருந்துதான் பாய்ந்தது."